கடல் முயலும் சுண்டெலியும்

கற்ற பாடம் கற்றவனுடைய உடம்பில் எங்கே தங்கியிருக்கின்றது? எவ்வடிவில் தங்கியிருக்கின்றது? ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் இதனினும் அணுக்கமான வினா வேறொன்று இருத்தல் அரிது. ஆயினும் நெடுங்காலமாக இதற்குக் கிடைத்த விடைகள் உவமைகளாகவே அமைந்தன. கிரேக்க அறிஞராகிய பிளேற்றோ உள்ளத்தை மெழுகுக்கு ஒப்பிட்டார். நினைவு அதன்மேற் பதிந்த முத்திரையாம். கிறித்தவ ஞானியாகிய அகுஸ்தீன் நினைவினைப் பெருங் களஞ்சியமாகக் கண்டார். பின்வந்தோர் தத்தம் காலத்துப் பொறிகளை உவமையாக்கினர். உவமை அழகுடையதாயினும் விளக்கமாகாது. மெழுகு எது, முத்திரையை இட்டது எது, இன்று இட்ட முத்திரை நாளை அழியாதிருப்பது ஏன் என்னும் வினாக்கள் எஞ்சியே நின்றன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலேதான் இவற்றுக்கு ஓரளவேனும் உறுதியான விடைகள் கிடைக்கலாயின. அவ்விடைகளைப் பெரும்பாலும் தந்தவை இரண்டு எளிய உயிர்கள். ஒன்று கடல்வாழ் மெல்லுடலி, மற்றது சுண்டெலி. இவ்விரண்டையும் ஒருங்கு நிறுத்தி, ஒன்று சொன்னதை மற்றது எவ்வளவிற்கு உறுதிப்படுத்தியது, எவ்விடத்தில் அதனின்றும் வேறுபட்டது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் இவ்விரு விலங்குகளையும் அறிந்துகொள்வோம். கடல் முயல் என்பது முயலன்று. சங்கு, முத்துச்சிப்பி, கணவாய் என்பன அடங்கிய மெல்லுடலிக் கணத்தைச் சேர்ந்தது அது. நத்தைக்கு நெருங்கிய உறவினது. தலையில் நிமிர்ந்து நிற்கும் இரண்டு உணர்கொம்புகள் முயலின் செவிகளை நினைவூட்டுவதால் இப்பெயர் பெற்றது. விலங்கியலார் இதனை அப்பிளீசியா என வழங்குவர். இதன் ஓடு சிறுத்து உடலுக்குள்ளே மறைந்துவிட்டது. ஓட்டை இழந்த இவ்வுயிர் பகை நெருங்கும்போது ஊதா நிறமான மையைக் கக்கித் தன்னைக் காத்துக்கொள்ளும். கடற்பாசியே இதன் உணவு. ஆராய்ச்சியிற் பெரிதும் பயன்பட்ட கலிபோர்ணியாக் கடல் முயல் ஒரு முழ நீளத்திற்கு அண்ணளவாக வளரக்கூடியது. ஆனால் வாழ்நாள் ஏறக்குறைய ஓராண்டே. உரோமருள் இதற்கு நற்பெயர் இருக்கவில்லை. முதலாம் நூற்றாண்டினராகிய பிளினி இதனைக் கொடிய நஞ்சுடைய உயிராக எழுதி வைத்தார்.

சுண்டெலியைப் பற்றி விரித்துரைத்தல் வேண்டா. நம் வீட்டு அடுக்களையில் உலாவுவது அது. எனினும் ஒரு சொல்: மூஞ்சூறும் சுண்டெலியும் ஒன்றெனப் பலர் மயங்குவர். மூஞ்சூறு பூச்சியுண்ணும் கூட்டத்தைச் சேர்ந்தது, கொறிக்கும் விலங்கன்று. வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டேயிருக்கும் வெட்டுப்பற்கள் கொறிவிலங்கின் அடையாளம். அவை சுண்டெலிக்கு உண்டு. வளர்ந்த சுண்டெலியின் நிறை 20 முதல் 30 கிராம் வரை. மூளையின் நிறை அரைக் கிராமிற்கும் குறைவு. மூன்று கிழமைக் கருப்பம். இரண்டு மாதத்துக்குள் பருவமெய்தும். இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் வாழும்.

தோற்றத்தில் இவை இரண்டும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தொலைவோ, குலத்திலும் அவ்வளவு தொலைவு. இவ்விரண்டின் பொது மூதாதை 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர்க் கடலில் வாழ்ந்த யாதோ ஓர் எளிய உயிர். அதன் வழி ஒரு கிளை மெல்லுடலிகளாயிற்று. மற்றொரு கிளை முதுகெலும்புடையனவாகிப் பின்னர் எலியும் மனிதனுமாயிற்று. கடல் முயலுக்கு இருபதினாயிரம் அளவிலான நரம்புக்கலங்கள் உண்டு. சுண்டெலியின் மூளையில் ஏறக்குறைய 7 கோடியே 10 இலட்சம் உண்டு. மனித மூளையிலோ 8,600 கோடி. இவ்வளவு வேறுபாடு இருக்க, நத்தையினத்து உயிர் ஒன்று மனிதனின் நினைவைப் பற்றி யாது சொல்ல இயலும்? இவ்வையம் இயல்பானது. 1960களில் நரம்பியலாளரும் உளவியலாளரும் பலர் இதனையே கேட்டனர். சிலர் நகைத்தும் இருந்தனர்.

நகைப்பைப் பொருட்படுத்தாதவர் எரிக் கண்டெல் என்பார். இவர் 1929 ஆம் ஆண்டில் வியன்னாவிற் பிறந்த யூதர். 1938 இல் இற்லரின் படை ஒஸ்திரியாவுட் புகுந்தது. மறு ஆண்டில் சிறுவனாகிய கண்டெல் அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றார். ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் அவர் முதலிற் பயின்றவை வரலாறும் இலக்கியமுமே. பின்னரே மருத்துவம் பயின்றார். கலைமாணவர் விஞ்ஞானத்துக்கும் தமக்கும் தொடர்பில்லை என்று கருதும்போது இதனை நினைத்துக்கொள்ளலாம். 1950களின் இறுதியில் அவர் ஓல்டன் ஸ்பென்சர் என்பவருடன் சேர்ந்து பூனையின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியை ஆராய்ந்தார். நினைவோடு தொடர்புடையதென அப்பொழுதுதான் தெரியவந்த பகுதி அது. கடற்குதிரையின் வளைவினை ஒத்திருத்தலால் அப்பெயர் பெற்றது. அங்குள்ள கலங்கள் நினைவிற்கெனத் தனித்தன்மை யாதும் உடையனவாய் இருக்குமென அவர்கள் எதிர்பார்த்தனர். ஆனால் அவை முண்ணாணிலுள்ள இயக்க நரம்புக்கலங்களைப் பெரிதும் ஒத்தனவாய் இருந்தன. எனவே நினைவு கலத்தின் தன்மையில் அன்று, கலங்கள் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டிருக்கும் முறையிலேயே தங்கியிருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. கோடிக்கணக்கான கலங்களுக்கிடையே ஒரு தொடுப்பைத் தேடுவது எங்ஙனம்? தேடக்கூடிய அளவு சிறிய நரம்புத்தொகுதி உடைய விலங்கு ஒன்று வேண்டியதாயிற்று. 1962 இல் கண்டெல் பாரிசு சென்று, அப்பிளீசியாவை ஆராய்ந்துகொண்டிருந்த லாடிஸ்லாவ் ரோக் என்பவரிடம் பயின்றார்.

கடல் முயலின் நரம்புக்கலங்கள் விலங்குலகின் மிகப் பெரியவற்றுட் சேர்ந்தன. சில ஒரு மில்லிமீற்றர் விட்டமுடையன. செம்மஞ்சள் நிறமான அவற்றை வெறுங்கண்ணாற் காணலாம். ஒன்பது நரம்புத்திரட்டுக்களாக அவை வகுக்கப்பட்டுள்ளன. வயிற்றுத்திரட்டில் மட்டும் இரண்டாயிரம் அளவிலான கலங்கள் உள. இவற்றின் பெருஞ்சிறப்பு யாதெனின், ஒரு கடல் முயலில் ஓரிடத்தில் உள்ள கலம் எல்லாக் கடல் முயல்களிலும் அவ்விடத்திலேயே, அத்தொழிலுடனேயே இருப்பதாகும். ஆதலால் ஊரில் வீடுகளுக்கு இலக்கமிடுவது போல ஆர் 2, ஆர் 15, எல் 7 என அவற்றுக்குப் பெயரிட்டனர். கலிபோர்ணியாவிற் பிடிபட்ட ஒரு விலங்கின் எல் 7 கலத்தைப் பற்றி எழுதினால், அடுத்த ஆண்டு வேறொருவர் வேறொரு விலங்கில் அதே கலத்தைத் தேடிப் பிடித்துச் சரிபார்க்கலாம். சுண்டெலியில் இது கனவிலும் இயலாதது. அங்கே கலக்கூட்டங்களுக்குப் பெயருண்டு, தனிக்கலத்துக்குப் பெயரில்லை.

கண்டெலும் அவருடன் உழைத்த கப்பர்மன், கஸ்தலூச்சி, பின்ஸ்கர் முதலியோரும் தேர்ந்தெடுத்தது மிக எளிய தெறிவினை ஒன்றாகும். கடல் முயலின் முதுகில் செவுள் உண்டு. அதனருகே நீரை வெளிவிடும் குழல் உண்டு. குழலை மெல்லத் தொட்டால், சூடான பொருளிற் பட்ட கையை நாம் இழுப்பது போல, விலங்கு செவுளை உள்ளிழுத்துக்கொள்ளும். குழலிலிருந்து செய்தி கொண்டுவரும் உணர்நரம்புக்கலங்கள் 24. செவுளை இழுக்கும் இயக்க நரம்புக்கலங்கள் 6. முன்னவை பின்னவற்றோடு நேரே இணைகின்றன. இடையிலும் சில கலங்கள் உள. இவ்வளவே ஏற்பாடு.

இத்துணை எளிய தெறிவினையும் கற்கவல்லது என்பதே வியப்பு. குழலைத் தீங்கின்றிப் பன்முறை தொட்டால் விலங்கு பழகிப்போய்ச் செவுளை இழுப்பதைக் குறைத்துக்கொள்கின்றது. புகையிரதப் பாதையருகில் வாழ்வோர் இரவில் விழிக்காமை போன்றது இப்பழக்கம். மாறாக, வாலில் ஒரு மின்னதிர்ச்சி கொடுத்தபின் குழலைத் தொட்டால் முன்னையினும் வலிந்து இழுக்கின்றது. அஞ்சியவன் இலை அசையினும் திடுக்கிடுவது இதுவே. இதனைக் கூருணர்வு என்போம். தொடுதலையும் அதிர்ச்சியையும் இணைத்துப் பயிற்றினால் பவ்லோவின் நாயைப் போல ஒன்றை மற்றதன் முன்னறிகுறியாகவும் அறிகின்றது. 1980களின் தொடக்கத்தில் இது நிறுவப்பட்டது.

ஓர் அதிர்ச்சியால் உண்டான கூருணர்வு சில நிமிடங்களில் மறைகின்றது. இடைவிட்டுப் பலமுறை கொடுத்தால் நாட்கணக்கில் நிலைக்கின்றது. நாட்டொடர்ந்து பயிற்றினால் கிழமைக்கணக்கில் நிலைக்கின்றது. பழக்கத்திலும் அவ்வாறே. 1972 இல் வெளிவந்த ஆய்வொன்றில் நாளொன்றுக்குப் பத்துமுறையாக நான்கு நாட்கள் தொடப்பட்ட விலங்குகளிடம் அப்பயிற்சியின் விளைவு மூன்று கிழமை கழிந்தும் இருந்தது. ஒரே இருப்பில் நாற்பதுமுறை தொடப்பட்டவற்றிடம் அவ்வளவு நிலைக்கவில்லை. பரீட்சைக்கு முதனாள் இரவு விழித்திருந்து படிப்போர்க்கு நத்தையினத்து உயிர் ஒன்று விடுத்த அறிவிப்பு இது என்று நகைச்சுவையாகச் சொல்லலாம். ஆயினும் இதில் ஆழ்ந்த பொருளொன்று உண்டு. குறுநினைவு, நெடுநினைவு என்னும் பாகுபாட்டை மனிதரிடத்தில் உளவியலார் கண்டிருந்தனர். அப்பாகுபாடு 24 கலங்களுக்கும் 6 கலங்களுக்கும் இடையிலேயே இருக்குமாயின், இரண்டும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை நேரிற் பார்க்கலாமன்றோ?

பார்த்தனர். வாலில் அதிர்ச்சி பட்டதும் இடைக்கலங்கள் செரற்றோனின் என்னும் பொருளைச் சுரக்கின்றன. அது உணர்நரம்புக்கலத்தின் முனையைத் தாக்க, அங்கே சைக்கிளிக் ஏ.எம்.பி. என்னும் சிறு மூலக்கூறு பெருகுகின்றது. அது ஒரு நொதியத்தை எழுப்புகின்றது. அந்நொதியம் கலச்சுவரிலுள்ள பொற்றாசியக் கால்வாய்கள் சிலவற்றை அடைக்கின்றது. இதனால் அடுத்த செய்தி வரும்பொழுது முனையிலிருந்து முன்னையினும் மிகுதியான கடத்திப்பொருள் வெளிவருகின்றது. நரம்பிணைப்பு வலுக்கின்றது. குறுநினைவு என்பது இவ்வளவே. ஏற்கெனவே உள்ள பொருட்கள் சிறிது மாற்றப்படுகின்றன. புதிதாக ஒன்றும் ஆக்கப்படுவதில்லை.

நெடுநினைவு வேறு வகையினது. ஓர் உணர்நரம்புக்கலத்தையும் ஓர் இயக்க நரம்புக்கலத்தையும் எடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்தால் அவை அங்கேயும் ஒன்றோடொன்று இணைந்துகொள்ளும். அவ்விணைப்பிற்குச் செரற்றோனினை ஒருமுறை கொடுத்தால் சில நிமிடங்களுக்கு வலுக்கின்றது. இடைவிட்டு ஐந்துமுறை கொடுத்தால் ஒருநாளுக்கு மேலும் வலுத்திருக்கின்றது. 1986 இல் வெளிவந்த ஆய்வு, புதிய புரதம் ஆக்கப்படுவதைத் தடுக்கும் மருந்தினை இட்டால் ஐந்துமுறையால் விளையும் நெடுமாற்றம் உண்டாவதில்லை என்றும், ஒருமுறையால் விளையும் குறுமாற்றம் சிறிதும் தடைப்படுவதில்லை என்றும் காட்டியது. தட்டிற் கிடக்கும் இரு கலங்களிலும் நினைவின் இரு பருவங்கள்! பின்னர் அதன் வழி துலக்கப்பட்டது. திரும்பத் திரும்பத் தூண்டப்பட்ட நொதியம் கலத்தின் கருவினுட் புகுந்து, கிரெப் எனப்படும் புரதத்தை எழுப்புகின்றது. அது உறங்கிக் கிடக்கும் பரம்பரையலகுகள் சிலவற்றைத் தொழிற்படச் செய்கின்றது. அவற்றின் ஆணைப்படி புரதங்கள் தோன்ற, நரம்புமுனைகள் புதியனவாக முளைக்கின்றன. கருவில் இதனைத் தடுத்து நிற்கும் காவலனும் உண்டு. இரண்டாம் கிரெப் என்பது அது. 1995 இல் அக்காவலனை விலக்கிப் பார்த்தபோது, ஐந்துமுறை வேண்டிய இடத்தில் ஒருமுறையே நெடுமாற்றத்தைத் தந்தது. எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொள்வது உயிர்க்கு நன்றன்று போலும்; மறப்பதற்கென்றே பொறியமைப்பு இருக்கின்றது.

முளைத்த முனைகளை எண்ணியோர் கிரெய்க் பெயிலியும் மேரி சென்னும் ஆவர். பயிற்சி பெறாத விலங்கில் ஓர் உணர்நரம்புக்கலத்துக்கு ஏறக்குறைய 1,300 முனைகள்; நெடுங்கூருணர்வு பெற்ற விலங்கில் 2,700 அளவு. நினைவு மங்க மங்க அவை குறைந்து 1,500 ஐ அண்மிக்கின்றன. முற்றும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. நெடும்பழக்கம் பெற்ற விலங்கிலோ 850 அளவாகச் சுருங்குகின்றன. ஆகவே கற்றல் என்பது உடலில் நிகழும் வளர்ச்சியும் தேய்வுமாகும். கற்பிப்பவர் மாணவனின் மூளையின் உருவத்தை மாற்றுகின்றார் என்றால் அது உயர்வுநவிற்சியன்று.

இதுகாறும் கூறியன கடல் முயலின் செய்தி. இதன்மேல் எழக்கூடிய தடை வலியது. செவுளை இழுக்கும் உயிர் எதனையும் நினைப்பதில்லை. நேற்று நடந்ததை மீட்டுரைக்கும் ஆற்றல் அதற்கில்லை. திருக்குறளை மனனஞ் செய்தலையும் பாட்டியின் முகத்தை நினைவுகூர்தலையும் இதனோடு ஒன்றாக வைத்தெண்ணல் தகுமா? தகாது என்பதற்குச் சான்று மனிதரிடத்திலேயே கிடைத்திருந்தது. 1953 இல் அமெரிக்காவில் எச். எம். என்னும் முதலெழுத்துக்களால் மருத்துவ நூல்களிற் குறிக்கப்படும் ஒருவருக்கு, வலிப்பு நோயைத் தணிக்கும்பொருட்டு வில்லியம் ஸ்கோவில் என்னும் சத்திரவைத்தியர் மூளையின் இருபுறத்தும் ஹிப்போகாம்பஸ் பகுதியை நீக்கினார். வலிப்பு தணிந்தது, ஆனால் அவர் புதியனவற்றை நினைவில் வைக்கும் ஆற்றலை இழந்தார். 2008 இல் இறக்கும் வரையும் அவர் நிலை அதுவே. அவரைப் பல்லாண்டு ஆராய்ந்த பிரெண்டா மில்னர் என்னும் அம்மையார் மற்றொன்றையும் கண்டார். கண்ணாடியிற் பார்த்துக்கொண்டு நட்சத்திர வடிவை வரையும் பயிற்சியில் எச். எம். நாளுக்கு நாள் தேர்ச்சியடைந்தார். முதனாள் வரைந்ததாக நினைவே இன்றித் தேர்ச்சியடைந்தார்! நினைவு ஒன்றன்று என்பது இதனால் தெளிவு. தெரிந்து நினைவுகூர்வது ஒருவகை. தெரியாமலே உடலிற் பதிவது மற்றொருவகை. கடல் முயலின் கல்வி இரண்டாம் வகையது. முதலாம் வகைக்கு ஹிப்போகாம்பஸ் வேண்டும். அஃதுடைய, கையாளக்கூடிய சிறிய விலங்கு வேண்டும். இவ்விடத்திலேதான் சுண்டெலி மேடையேறுகின்றது.

உண்மையில் அது முன்னரே ஒருமுறை மேடையேறியதுண்டு. 1963 இல் லூயி பிளெக்ஸ்னரும் உடனுழைத்தோரும் சுண்டெலியின் மூளையிற் புரத ஆக்கத்தைத் தடுக்கும் மருந்தினைச் செலுத்தி, அது கற்றிருந்ததை இழக்கச் செய்தனர். நெடுநினைவிற்குப் புரதம் வேண்டும் என்னும் கருத்து இங்ஙனம் எலியிலேயே முதற்கண் தோன்றியது. ஆனால் மூளை முழுவதும் மருந்தில் நனைந்தபோது எக்கலத்தில் எது நிகழ்ந்தது என்று சொல்ல எவராலும் இயலவில்லை. அதனைச் சொல்வதற்குக் கடல் முயல் வேண்டியிருந்தது. மெல்லுடலி வழிகாட்ட எலி பின்தொடர்ந்தது என்று கதையை எளிமைப்படுத்துவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

சுண்டெலிக்குப் பெயருடைய கலங்கள் இல்லை எனினும் அதற்கீடான ஒரு நலம் உண்டு. தலைமுறை தலைமுறையாக உடன்பிறந்தவற்றையே சேர்த்து வளர்த்ததனால் இரட்டையரைப் போல ஒத்த பரம்பரையுடைய எலிக்குலங்கள் உருவாக்கப்பட்டுள்ளன. 1921 இல் கிளாரன்ஸ் லிற்றில் தொடங்கிய கரிய எலிக்குலம் இன்றும் ஆய்வுகூடங்களில் வளர்கின்றது. 2002 இல் வெளியிடப்பட்ட எலியின் பரம்பரைத் தொகுதி அக்குலத்தினதே. மேலும், வேண்டிய ஒரு பரம்பரையலகை மட்டும் நீக்கி எலியைப் பிறப்பிக்கும் கலை 1980களின் இறுதியில் கைவந்தது. அதனைக் கண்ட கப்பெச்சி, எவான்ஸ், ஸ்மிதீஸ் ஆகிய மூவர்க்கு 2007 இல் நோபல் பரிசு கிடைத்தது. கடல் முயலில் இது எளிதன்று. அதன் குஞ்சு ஏறக்குறைய ஒரு மாதம் கடல்நீரில் மிதந்து திரிந்து, தனக்கேற்ற செம்பாசியைக் கண்டபின்னரே உருமாறும். ஆய்வுகூடத்தில் அதனை முட்டையிலிருந்து வளர்த்தெடுத்தலே 1970களின் நடுவில் பெருஞ்சாதனையாகக் கொள்ளப்பட்டது.

1992 இல் தொனெகாவாவின் ஆய்வுகூடமும் கண்டெலின் ஆய்வுகூடமும் தனித்தனியே, ஒரு பரம்பரையலகு நீக்கப்பட்ட எலிகளில் ஹிப்போகாம்பஸின் நரம்பிணைப்பும் இடத்தைக் கற்கும் ஆற்றலும் ஒருங்கே குன்றுவதைக் காட்டின. இடத்தைக் கற்றலை அளப்பதற்கு ரிச்சட் மோரிஸ் வகுத்த முறை எளிதும் அழகியதுமாகும். வட்டத் தொட்டியில் நீரை நிரப்பிப் பாலினாற் கலக்கி, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு மேடையை ஒளித்துவைப்பர். எலி நீந்துகின்றது; நீந்துவதை விரும்பாத அது மேடையைத் தேடுகின்றது. சுவரிலுள்ள அடையாளங்களை நினைவிற்கொண்டே அது மேடையை விரைந்தடைதல் கூடும். தெரிந்து நினைவுகூர்வதற்கு எலியிடம் நாம் காணக்கூடிய மிக நெருங்கிய நிகர் இதுவே. எலியின் மூளை ஓர் இடத்தின் வரைபடத்தைத் தன்னுட் கொண்டிருக்கின்றது என்பது அதன் உறவினமாகிய பேரெலியில் 1971 முதலே ஜோன் ஓகீவ் காட்டிவந்த உண்மையாகும். கடல் முயலுக்கு இத்தகைய வரைபடம் இல்லை.

இனி வினாவின் மையத்துக்கு வருவோம். கடல் முயலில் நெடுநினைவைத் திறந்த கிரெப் என்னும் திறவுகோல் எலியிலும் அதனைத் திறக்குமா? 1994 இல் கிரெப் குன்றிய எலிகள் ஆராயப்பட்டன. மின்னதிர்ச்சி பெற்ற பெட்டியை அரைமணி நேரத்தின் பின் அவை நினைவில் வைத்திருந்து அஞ்சின. ஒருநாள் கழிந்தபின் அவ்வச்சம் பெரிதும் இல்லை. குறுநினைவு நின்றது; நெடுநினைவு வீழ்ந்தது. 1997 இல், சைக்கிளிக் ஏ.எம்.பி.யால் எழுப்பப்படும் அதே நொதியம் ஹிப்போகாம்பஸில் நலிந்த எலிகளிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 50 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்த இரு குலங்களில், ஒன்று செவுளை இழுப்பதற்கும் மற்றது இடத்தை அறிவதற்குமாக, ஒரே மூலக்கூறுகள் ஒரே வேலையைச் செய்கின்றன. இயற்கை புதிதாக ஒன்றைப் படைப்பதினும் கையிலுள்ள பழைய கருவியைப் புதிய தொழிலுக்கு எடுத்துக்கொள்வதையே விரும்புகின்றது எனலாம். 2000 ஆம் ஆண்டில் கண்டெலுக்கு நோபல் பரிசில் ஒரு பங்கு கிடைத்ததற்கு இவ்வொற்றுமையே பெருங்காரணம் என்பது என் கருத்து. எலி ஆமென்று சொல்லியிராவிடின் கடல் முயலின் கதை விலங்கியல் நூலின் ஓர் இயலாக நின்றிருக்கும்.

இடைவிட்டுப் பயிற்றல் பற்றிய செய்தியும் எலியிற் சோதிக்கப்பட்டது. கிரெப் குன்றிய அதே எலிகளுக்குப் பயிற்சிகளைப் போதிய இடைவெளி விட்டுக் கொடுத்தபோது அவற்றின் நெடுநினைவு இயல்பான எலிகளினதை ஒத்ததாயிற்று. 1997 இல் வெளியான இம்முடிவினை ஆசிரியர் யாவரும் ஒருமுறை எண்ணிப்பார்த்தல் நன்று. மந்தமென்று கைவிடப்பட்ட உயிர் ஒன்றின் குறை, பாடம் கொடுக்கும் முறையை மாற்றியதனால் நீங்கிற்று. எலியின் செய்தியை வகுப்பறைக்கு அப்படியே கொண்டுவருதல் கூடாது. ஆயினும் மனிதர் கற்றலில் இடைவெளியின் பயன் செருமானியராகிய எபிங்ஹவுஸ் காலந்தொட்டே, அதாவது 1885 தொட்டே, அறியப்பட்டிருப்பதனால் இதனைப் புறக்கணிக்கவும் இயலாது.

ஒற்றுமைகளை மட்டும் சொல்லிப் போதல் நேர்மையாகாது. கடல் முயலின் கூருணர்வில் நரம்பிணைப்பை வலுப்படுத்துவது புறத்திலிருந்து வரும் மூன்றாங் கலத்தின் செரற்றோனின். எலியின் ஹிப்போகாம்பஸிலோ, இணையும் இரு கலங்களும் ஒரே வேளையில் தொழிற்படுவதை உணரும் வாங்கி ஒன்று பின்கலத்தில் இருக்கின்றது. அதுவே மாற்றத்தைத் தொடங்கி வைக்கின்றது. ஒன்றில் மாற்றத்தின் தொடக்கம் முன்கலத்தில், மற்றதில் பின்கலத்தில் என நெடுநாள் பிரித்துரைத்தனர். பின்னர் டேவிட் கிளான்ஸ்மன் முதலியோர் கடல் முயலிலும் அத்தகைய வாங்கி கற்றலிற் பங்குகொள்வதைக் காட்டியமையால் எல்லைக்கோடு சிறிது மங்கியது. இதே கிளான்ஸ்மன் 2018 இல், பயிற்சி பெற்ற கடல் முயலின் நரம்புத்தொகுதியிலிருந்து எடுத்த ஆர்.என்.ஏ.யைப் பயிற்சி பெறாததிற் செலுத்த, அதுவும் கூருணர்வு காட்டியதாக அறிவித்துப் பெரும் வாதத்தைக் கிளப்பினார். நினைவு நரம்பிணைப்பில் அன்று, கருவிலே இருக்கின்றது என்பது அவர் கொள்கை. பலர் இதனை ஏற்கவில்லை. செவுளின் கூருணர்வு ஒரு பொதுவான கிளர்ச்சி நிலை. அதனைக் கடத்துதல் ஒரு குறித்த பாடத்தைக் கடத்துதலாகாது என்னும் மறுப்பு எனக்கும் வலியதாகவே தோன்றுகின்றது. மறுதலையாக, 2012 இல் தொனெகாவாவின் குழுவினர், அச்சத்தைக் கற்றபோது தொழிற்பட்ட எலியின் கலங்களை மட்டும் குறித்துவைத்து, பின்னர் அவற்றை ஒளியினாற் தூண்ட, வேறோர் இடத்தில் நின்ற எலி பழைய அச்சத்தால் உறைந்து நின்றதைக் காட்டினர். பாடம் குறித்த கலங்களின் கூட்டத்தில் இருக்கின்றது என்பதற்கு இதனினும் நேரான சான்று கடல் முயலிற் கிடைத்ததில்லை.

மற்றொரு புதிர் உண்டு. புரதங்கள் நிலையற்றவை, பெரும்பாலானவை சில நாட்களிற் சிதைந்து புதியன வருகின்றன. அங்ஙனமாயின் பாட்டன் தன் ஏழாம் வயதில் கண்ட தேர்த்திருவிழாவை எழுபதாம் வயதிலும் எங்ஙனம் நினைவுகூர்கின்றான்? 2003 இல் கௌசிக் சி என்னும் இளம் ஆராய்ச்சியாளர் கண்டெலுடனும் சூசன் லின்ட்குவிஸ்ற் என்பவருடனும் சேர்ந்து, கடல் முயலின் நரம்புமுனையிலுள்ள ஒரு புரதம் தன்னைப்போலவே ஏனைய புரதங்களையும் உருமாற்றிக்கொண்டு போகும் இயல்பினதாகத் தோன்றுவதை அறிவித்தார். ஒரு விளக்கிலிருந்து மறு விளக்கை ஏற்றிக்கொண்டே போனால் எண்ணெய் தீர்ந்தாலும் சுடர் அணையாதன்றோ? அதனை ஒத்தது இது. 2015 இல் எலியிலும் இப்புரதத்தின் உறவினம் ஒன்று நெடுநினைவின் நிலைபேற்றிற்கு வேண்டப்படுவது காட்டப்பட்டது. இங்கும் மெல்லுடலி முன்னும் எலி பின்னுமாக வந்தன.

இவ்வாராய்ச்சிகளினால் முதுமையில் நினைவிழந்து வருந்துவோர்க்கு யாது பயன் என்று கேட்பவர் உளர். இக்கேள்வி நம் வீடுகளிலும் எழுகின்றது. 1999 இல் கண்டெலின் குழுவினர், முதிர்ந்த சுண்டெலிகளின் தளர்ந்த நினைவு, சைக்கிளிக் ஏ.எம்.பி. வழியை வலுப்படுத்தும் மருந்துகளால் ஓரளவு சீர்ப்படுவதைக் கண்டனர். கடல் முயலில் தேடிக் கண்ட வழி, கிழ எலிக்கு உதவியது. ஆனால் அல்ஸைமர் நோய் வேறு. அந்நோய் சுண்டெலிக்கு இயல்பாக வருவதில்லை. மனிதனின் பழுதுற்ற பரம்பரையலகை எலியிற் புகுத்தியே 1995 முதல் அதனைப்போன்ற நிலை உண்டாக்கப்படுகின்றது. 1999 இல் அத்தகைய எலிகளுக்கு ஒரு தடுப்பூசி இடப்பட்டபோது மூளையிற் படிந்த கசடுகள் நீங்கின; மருத்துவ உலகம் பெரிதும் மகிழ்ந்தது. அதே தடுப்பூசி மனிதர்க்கு இடப்பட்டபோது, ஏற்றவருள் நூற்றுக்கு ஆறு பேர் அளவினர்க்கு மூளையில் அழற்சி கண்டது. 2002 இன் தொடக்கத்தில் அச்சோதனை நிறுத்தப்பட்டது. எலியின் மூளையில் ஒரு கசடு இருந்தது. அதனைச் சூழ, எழுபது ஆண்டு வாழ்ந்த மனிதனின் மூளை இருக்கவில்லை.